நீலத் தொட்டி வீடு

பிப்ரவரி 9, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் புத்தகப்புழு எழுதுகிறேன். எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி மட்டும் மழையோடு வந்து வெயிலோடு போகிறது. கடிதங்களை முன்போலவே பள்ளிக்கூடத்து நூலக டீச்சர் பெயருக்கே அனுப்பு. "உங்க வீட்டுக் கதையெல்லாம் என் டிராயர்லதான் தூங்குது" என்று சிரிக்கிறார்.

இன்று தண்ணீர்த் தொட்டிக் குன்றின் உச்சிக்கு ஏறினேன். நேற்றைய மழை காற்றைத் துடைத்து வைத்திருந்தது. காலடியில் நம் தெருவின் தகரக் கூரைகள், அதற்கப்பால் வளைத்துப் போட்ட கம்பி மாதிரி ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் உன் மலை. அதன் பின்னால் இன்னும் மூன்று மலைகள், ஒன்றைவிட ஒன்று வெளிறி. கடைசியில் இருப்பது மலையா மேகமா என்று அதற்கே தெரியவில்லை. தொலைவு கூடக்கூட நிறம் நீலமாகும் என்று புவியியல் புத்தகத்தில் படித்தபோது நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன்.

டிவி கோபுரத்துக்குக் கீழே குடியிருக்கிறோம் என்று எழுதியிருந்தாயே, அங்கே ஒவ்வொரு வீடாகப் பார்த்தேன். மொட்டை மாடியில் நீலத் தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, சுவரோரம் பூந்தொட்டிகள். அப்படி அழகாக வீட்டை நீதான் வைத்திருப்பாய். அதுதானே உன் வீடு? அதுதான் என்று சொல்லேன்!

இனி ஞாயிறுதோறும் என் சிவப்புச் சால்வையை இங்கே கைப்பிடிக் கம்பியில் கட்டுகிறேன். நீ அங்கிருந்து பார்.

அப்பா அப்படியேதான் இருக்கிறார். நீ மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டு கிளம்பிய அன்று "இனிமே இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது" என்று சொன்னாரே, அதில் மாற்றமில்லை. அம்மா மறதியில் உன் டம்ளரை எடுத்து வைத்தால், அவரே பேசாமல் எடுத்து அலமாரியில் திரும்ப வைக்கிறார். தூக்கி எறியவில்லை, கவனி.

உன் பிரிய
புழு

*

பிப்ரவரி 17

அன்புப் புழுவுக்கு,

ஆமாம், அதுதான் வீடு. உனக்கென்ன கழுகுக் கண்ணா? சிவப்புச் சால்வையையும் பார்த்தேன். சின்னப் பொட்டு மாதிரி தெரிந்தது.

உன் மாமாவுக்கு மலைக்கு அப்பால் சுரங்கப்பாதை தோண்டும் இடத்தில் வேலை. மாதம் ஒருமுறைதான் வருகிறார். எனக்கு ஏழாம் மாதம். அம்மாவிடம் மட்டும் சொல். கால் கொஞ்சம் வீங்குகிறது, மற்றபடி குறையில்லை.

அப்பா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? நீயாகப் பேச்செடுக்காதே. அவராகக் கேட்டால் எழுது. உள்ளேகூட வர வேண்டாம் புழு, ஒருநாள் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனால் போதும் எனக்கு.

அக்கா

*

மார்ச் 9, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. உனக்குச் சொல்ல ஒரு பெரிய சேதி இருக்கிறது.

வியாழக்கிழமை பள்ளி அரை நாள்தான். அப்பா சாப்பாட்டுக் கேரியரை மறந்துவிட்டுப் போக, அம்மா என்னிடம் கொடுத்தனுப்பினாள். ஆற்றோரம் அந்தப் பத்து மாடி ஆபீஸ் கட்டடம் இருக்கிறதே, அதன் லிஃப்ட்கள் இப்போது முழுக்க அப்பா பொறுப்பு. வாட்ச்மேன் மாமா, "உங்கப்பா மதியமானா மேலதான் பாப்பா, மோட்டார் ரூம்ல" என்றார். மொட்டை மாடிக்குப் போனேன். ஆரஞ்சு நிற வேலைச் சட்டையோடு அப்பா கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தார். கையில் பைனாகுலர்!

"என்னப்பா பாக்குறீங்க?"

"காத்து எப்படியிருக்குன்னு பாத்தேன்."

"பைனாகுலர்லயா?"

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நீலத் தொட்டி வீட்டைப் பற்றி நான் அம்மாவிடம் சொன்னபோது சுவருக்கும் காது இருந்திருக்கிறது. வாட்ச்மேனிடம் கடன் வாங்கிய பைனாகுலரில் ஒரு பக்கக் கண்ணாடி விரிசல். அதை வைத்துக்கொண்டு தினமும் பார்க்கிறாராம். என் கையில் கொடுத்துவிட்டு, தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"காலைல துணி காயப்போடுறா. மதியம் செடிக்குத் தண்ணி ஊத்துறா. முகம் தெரியல, ஆனா நடை அப்படியே அவளோடது. நல்லாத்தான் இருக்கா."

"போய்ப் பாக்கலாமேப்பா?"

"நல்லா இருக்கறவள எதுக்குப் போய்ப் பாக்கணும்?"

பிறகு அவராகவே, மெதுவாக, "கொடியில சின்னத் துணியெல்லாம் தொங்குது. குழந்தைத் துணி. கவனிச்சியா?" என்றார். பார்த்தேன் அக்கா. வெள்ளையாக, கைக்குட்டை கைக்குட்டையாக.

பிறந்துவிட்டதா? ஏழாம் மாதத்திலும் பிறப்பதுண்டு என்று படித்திருக்கிறேன். எனக்கு ஒரு வரி எழுதக் கூடாதா? நான் சித்தி இல்லையா? கோபமாக இருக்கிறேன், ஆனாலும் முத்தங்கள். ஆணா, பெண்ணா?

புழு

*

மார்ச் 20

புழுவுக்கு,

இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

அந்த வீடு என் வீடில்லை. நீ அவ்வளவு ஆசையாக "அதுதானே?" என்று கேட்டாய். இல்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. டிவி கோபுரத்துக்குக் கீழேதான் இருக்கிறோம். ஆனால் பாறையைக் குடைந்து கல் எடுத்த பள்ளத்துக்குள். ஒற்றை அறை. எதிரே கல் பாலிஷ் போடும் கொட்டகையின் முதுகுச் சுவர். இங்கிருந்து வானமே ஒரு கீற்றுதான். உன் சால்வையையும் நான் பார்க்கவில்லை. மன்னித்துக்கொள்.

கொடியில் தொங்கியது யாரோ ஒருத்தியின் குழந்தைக்கு. எனக்குப் போன மாதக் கடைசியில் வயிற்றில் அசைவது நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தேன். காயப்போட என்னிடம் ஒன்றுமில்லை, புழு.

அப்பாவிடம் சொல்லாதே. நான் அந்தப் பூந்தொட்டி வீட்டிலேயே இருந்துவிட்டுப் போகிறேன். அவர் கண்ணில் ஒரு இடத்திலாவது நன்றாக இருக்கிறேனே.

மாதக் கடைசியில் உன் மாமா வந்து என்னைச் சுரங்க வேலை நடக்கும் இடத்துக்கே கூட்டிப் போகிறார். அங்கே தங்கும் இடம் எப்படியிருக்கும் என்று தெரியாது. அதற்குள்…

சரி, ஒன்றுமில்லை. அம்மாவின் முட்டியைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 25

அக்கா,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதற்கு முதல் நாளே அப்பா அந்த நீலத் தொட்டி வீட்டுக்குப் போய் வந்துவிட்டார்.

ஞாயிறு காலை முகச்சவரம் செய்துகொண்டு, "ஒரு லிஃப்ட் ரிப்பேர்" என்று கிளம்பினார். கையில் கருவிப் பை இல்லை, துணிக்கடைப் பொட்டலம்தான் இருந்தது. அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மதியத்துக்குள் பொட்டலத்தோடு திரும்பிவிட்டார். அதை பீரோ மேல் வைத்தார். "அது வேற யாரோ" என்றார். "குழந்தையோட வந்து கதவத் திறந்து, யாரு வேணும்ங்குறா."

சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டார். நாம் எல்லோரும் சேர்ந்து அவரை ஏமாற்றியதாக நினைத்தாரோ என்னவோ. மறுநாள் உன் கடிதத்தைப் படித்ததும் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். பள்ளத்தை, அறையை, ஆஸ்பத்திரியை, எல்லாவற்றையும். அம்மா அழுதாள். அப்பா அழவில்லை.

"அந்தத் துணியப் பாத்துட்டு சிரிச்சிக்கிட்டு நின்னேனே," என்றார். "அன்னைக்கெல்லாம் அவ…"

"இப்பவே போலாம்ப்பா."

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போறது? கொஞ்சம் பொறு. ஞாயித்துக்கிழமை போலாம்."

நான் வற்புறுத்திப் பார்த்தேன். ஞாயிறுதான் என்கிறார். பைனாகுலரை வாட்ச்மேனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். நேற்றிலிருந்து மொட்டை மாடிக்கே போவதில்லை. மதியச் சாப்பாடு கீழே, ஜெனரேட்டர் அறையில். "மேல பாக்குறதுக்கு என்ன இருக்கு?" என்கிறார்.

அக்கா, ஞாயிறுவரை கிளம்பாதே. மாமாவிடம் சொல். அப்பா வருகிறார், வாசலில் நிற்க மட்டுமல்ல. நான் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

புழு

*

மார்ச் 30, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்துக்கு முகவரி இல்லை. நூலக டீச்சரிடம் கொடுக்கப் போகிறேன். உன்னிடமிருந்து ஒரு வரி வரும்வரை அது அவர் டிராயரில் இருக்கட்டும்.

வந்தோம். டிவி கோபுரத்து வளைவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நகரம் முழுக்கக் கீழே விரிந்து கிடந்தது. நம் தெரு, தண்ணீர்த் தொட்டிக் குன்று, என் சால்வை கட்டும் கம்பி, எல்லாம் தெரிந்தன. அப்பா எதையும் பார்க்கவில்லை. பள்ளத்துக்குள் இறங்க இறங்க ஒவ்வொன்றாகப் பாறைக்குப் பின்னால் போய்விட்டது. அவர் வேலைச் சட்டையோடேயே வந்திருந்தார். நல்ல சட்டையை எடுத்து வைத்த அம்மாவிடம், "அவகிட்ட எனக்கென்ன வேஷம்?" என்று சொல்லிவிட்டார்.

உன் அறை பூட்டியிருந்தது.

பக்கத்து அறையில் கல் பாலிஷ் போடும் அக்கா ஒருவர் எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் வெள்ளைத் தூசி. "வெள்ளிக்கிழமையே கிளம்பிட்டாங்களே" என்றார். உள்ளே போய் என் கடிதத்தை எடுத்து வந்து கொடுத்தார். "இது நேத்துத்தான் வந்துச்சு." நான் ஒட்டியபடியே இருந்தது. நீங்கள் போன இடத்தின் பெயர் அவருக்குத் தெரியவில்லை.

பிறகு அவர் அப்பாவையே உற்றுப் பார்த்தார்.

"மேல நிப்பீங்களே, அது நீங்கதானா?"

அப்பாவுக்குப் புரியவில்லை. அந்த அக்கா கையை நீட்டிக் காட்டினார். கொட்டகைச் சுவருக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு பிளவு. நீ சொன்ன அந்தக் கீற்று. அதில் ஆறும் தெரியவில்லை, தெருவும் தெரியவில்லை. அப்பாவின் பத்து மாடிக் கட்டடத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. லிஃப்ட் மோட்டார் அறையும் அந்தக் கைப்பிடிச் சுவரும்.

"மதியமானா இந்தக் கல்லு மேல வந்து நிப்பா. அங்க ஆரஞ்சுச் சட்டை ஒண்ணு தெரியும். அது உள்ள போற வரைக்கும் பாத்துட்டு, அப்புறந்தான் சாப்பிடுவா. யாரும்மா அதுன்னு கேட்டா, எங்க வீட்டு ஆளுன்னு சொல்லுவா."

அக்கா, நீ இதை எனக்கு எழுதவே இல்லையே.

அப்பா அந்தக் கல்லின் மேல் ஏறி நின்று பார்த்தார். இறங்காமலே கேட்டார். "கிளம்புற அன்னைக்கும் நின்னாளா?"

"நின்னாளே. வண்டி வந்துருச்சு, அவ புருஷன் கூப்பிடக் கூப்பிட நின்னா. ஆனா ஒரு நாலஞ்சு நாளா அங்க யாரும் வரதில்ல. கடைசியில, சரி போலாம்னு இறங்கிட்டா."

பஸ்ஸில் அப்பா ஜன்னல் ஓரத்தில் உட்காரவில்லை. என்னை உட்காரச் சொல்லிவிட்டார். ஆற்றுப் பாலத்தில் இறங்கி, "நீ வீட்டுக்குப் போ" என்றார். நான் போகவில்லை, பின்னாலேயே போனேன். ஞாயிற்றுக்கிழமை ஆகையால் லிஃப்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். பத்து மாடியும் படியேறினார்.

மேலிருந்து உன் பள்ளம் எப்படித் தெரியும் தெரியுமா? நீலத் தொட்டி வீட்டுக்கு இடப்புறம், கொஞ்சம் கீழே, பாறையில் ஒரு கறுப்புக் கோடு. அவ்வளவுதான். அந்த வீட்டைப் பார்த்தபோதெல்லாம் அதுவும் எங்கள் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அப்பா சுவரோரம் நின்று கையை உயர்த்தி ஆட்டினார். நான் என் தோளில் கிடந்த சிவப்புச் சால்வையை எடுத்துக் கொடுத்தேன். அதையும் ஆட்டினார். இருட்டத் தொடங்கும்வரை நான் அவரைக் கூப்பிடவில்லை.

முகவரி எழுது அக்கா.

புழு