சீசன் நடுவில் ஓர் ஊசி

அத்தான்,

பாளையங்கோட்டை ரோட்டில் புதிதாக ஓர் அழகு நிலையம் திறந்திருக்கிறார்கள். வாசலில் சுருக்கமே இல்லாத ஒரு பெண்ணின் படம். கீழே ஓர் ஊசி மருந்தின் பெயர். உங்கள் தொண்டையில் போட்ட அதே மருந்து. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். காவலாளி, "உள்ள வாங்க அண்ணாச்சி, ஆம்பளையளுக்கும் உண்டு" என்றார். என் நெற்றியைப் பார்த்துச் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

மீன்பிடித் துறைமுகத்தில் நீங்கள் ஏலம் கூவினால் விசைப்படகின் இஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். அதே நீங்கள் வீட்டில் "சோறு வை" என்பதற்குள், யாரோ கழுத்தை நெரிப்பதுபோலத் திணறுவீர்கள். சொல்லில் பாதி வரும், மீதி உள்ளேயே நின்றுவிடும். அக்கா என்னிடம் வந்தாள்.

"ஏலே தம்பி, அங்கன ஊரு கேக்கக் கூவுதாவ. வீட்டுக்கு வந்தா ஒரு வார்த்த வர மாட்டேங்குது. எங்கிட்ட பேசப் பிடிக்கலன்னா நேரா சொல்லட்டும்."

"ஏதாவது வியாதியா இருக்கும்க்கா."

"என்ன வியாதி? என்னைய ஏசும்போது கணீர்னு வருதே, அப்ப எங்கன போச்சு?"

புத்தகம் படிக்கிறவன் என்பதால் குடும்பத்தின் கேள்விகள் எல்லாம் என்னிடம்தான் வரும். இதற்காகவும் புத்தகங்களைப் புரட்டினேன், குழப்பம்தான் கூடியது. அக்கா துணிமணிகளை எடுத்துக்கொண்டு நாசரேத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் உங்களை மதுரைக்குக் கூட்டிப்போனேன்.

"குரல்வளைத் தசை தன்னால இறுகுது, பேசுறப்ப மட்டும்" என்றார் டாக்டர். "கூவுறப்ப, பாடுறப்ப, சிரிக்கிறப்ப, கோபத்துல கத்துறப்ப பல பேருக்கு இறுகாது. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியல." என் அளவுக்குக் குழம்பிய ஒருவரை, அதுவும் பட்டம் பெற்றவரை, சந்தித்ததில் எனக்கு ஆறுதல்.

மருந்து எதிலிருந்து வருகிறது என்று கேட்டீர்கள். கெட்டுப்போன டின் உணவில் வளரும் கிருமியின் நஞ்சு, அதில் துளியினும் துளி, தசையைத் தளர்த்திவிடும் என்றார். கெட்ட மீனை ஒரு நாளும் ஏலத்தில் ஏற்றாத நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "கெ...கெட்டதப் பூரா வெளிய தள்ளுனேன், மாப்ள. இப்ப அத எனக்கே ஏ...ஏத்தப் போறாவளா?"

ஊசி போட்டதும் கொஞ்ச நாள் குரல் காற்றாகத்தான் வரும், தண்ணீர் குடித்தால் புரையேறும், கூவவே முடியாது, அப்புறம் மூன்று மாதம்போல நன்றாகப் பேசலாம் என்றார் டாக்டர். "அப்ப த...தடைக்காலத்துல போட்டுக்கிடுதேன்" என்றீர்கள். மீன்கள் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கம் படகுகளைக் கட்டிப்போட்ட கோடையில், உங்கள் குரல்வளையும் விடுப்பு எடுத்துக்கொண்டது.

அக்கா திரும்பி வந்தாள். நீங்கள் திணறாமல் சொன்ன முதல் வார்த்தை, "கொழம்புல உப்பு கூட."

"இதச் சொல்லத்தானா மதுர வரைக்கும் போயி கழுத்துல குத்திட்டு வந்தாவ?" என்று என்னிடம் சிரித்தாள். சிரித்துவிட்டு, "அவியதான் பேசுதாவளா, மருந்து பேசுதா?" என்றாள்.  மருந்து தீர்ந்து பழைய திணறல் வந்ததும், மனதில் ஏதோ வைத்திருக்கிறீர்கள் என்று மறுபடி ஆரம்பித்தாள்.

பிறகு அந்த சீசன். சீலா மீன் குவிந்து, விலையும் ஏறியிருந்த நேரம். யாரிடமும் சொல்லாமல் மதுரைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தீர்கள். உங்கள் இடத்தில் வேறொருவர் கூவினார். படகுக்காரர் ஒருவர் என்னை நிறுத்தி, "ஒங்க அத்தானுக்குக் கிறுக்கா? இப்பவா தொண்டைய மூடுவாவ?" என்று கேட்டார். நீங்களோ அடுப்படியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். குரல் இன்னும் காற்றாக இருக்கும்போதே, ஒரு விடியற்காலையில் உங்கள் இருதயம் நின்றுவிட்டது. மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். எது எதற்குச் சம்பந்தம் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

அந்தக் கடைசி நாட்களில் என்ன சொன்னீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன்.

"பெருசா ஒண்ணுமில்லலே. சாப்பிட்டியான்னு கேட்டாவ. ஏளா, புரையேறுது, தலையத் தட்டுன்னாவ. எல்லாம் காத்தா வரும். பக்கத்துல உக்காந்தாத்தான் கேக்கும். உக்காந்தேன்."

அதற்காகவா ஒரு சீசன் ஏலத்தை விடுவார்கள்? முக்கியமான ஏதோ ஒன்றைச் சொல்லத்தான் வந்திருப்பீர்கள் என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அக்கா யோசிப்பதாகத் தெரியவில்லை. மனதில் என்ன வைத்திருந்தீர்கள் என்று அவள் கேட்பதும் நின்றுவிட்டது. நேற்று மறுபடியும் போய், "வேற ஒண்ணுமே சொல்லலியா?" என்றேன்.

"சொன்னாவளே" என்றாள், அரிசி களைந்துகொண்டே. "அது எங்கிட்ட சொன்னதுல்லா, ஒனக்கு எதுக்குலே?"

அதற்குமேல் எனக்கு அங்கே வேலை இல்லை, அத்தான். குழப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.