காதுக்குள் அத்தர்

1957 ஆகஸ்ட், வெள்ளி இரவு
காஜா பெராங்

திங்கட்கிழமை எனக்கு வலது காதில் ஆப்பரேஷன்; செய்தால் காது கேட்குமாம். அதுவரை சீழ் வடியும் காதில் எதையும் வைக்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இன்று புக்கிட் ரம்பாயிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நாற்றம் தெரியக் கூடாதாம். வாப்பா ஜும்மாவுக்குப் போகும்போது காது மடலில் செருகிக்கொள்ளும் அத்தர் பஞ்சை, உம்மா என் காதுக்குள்ளேயே திணித்துவிட்டார். மாப்பிள்ளையின் தாய் என்னிடம் ஏதோ கேட்டார். ஒன்றும் காதில் விழவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

இப்போது காது வீங்கி நெருப்பாய் எரிகிறது. கொஞ்சம் கேட்கும் இடது காதருகே வந்து உம்மா கத்தினார்: "ரொம்ப அடக்கமான பொண்ணுன்னு சொல்லிட்டுப் போறாங்க. ஆப்பரேஷன்லாம் இப்ப வேணாம்மா."

வேண்டாம்தான். காது கேட்டால் நான் பதில் பேசிவிடுவேனே.