ஏரி நடுவே நின்ற படகு

ஏரிக்கரை
ஜூலை 6

அன்புள்ள வெலிமிர்,

காலையில் முதல் வேலையாகக் கூடாரத்தின் மேல் கோத்திருந்த பனித்துளிகளைத் தட்டிவிட்டேன். அடுத்து நம் படகை நீரில் இறக்கினேன், முதல்முறையாகத் தனியாக. நீ உட்காரும் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். முன்பக்கம் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டது. காற்று என்னை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டது. கரையில் ஆடு மேய்க்கும் ஸ்டானா அக்காவுக்கு ஒரே சிரிப்பு.

"ஏம்மா யாசென்கா, படகு ஓட்டுறியா, வெண்ணெய் கடையுறியா?"

மறுபடி சேர்ந்து வாழலாமா என்று கேட்டிருக்கிறாய். யோசிக்கத்தான் இங்கே வந்தேன். போன் எடுக்காத இடம். பாலாடைக்கட்டி ஏற்றிப்போகும் ஜீப்பில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

யாசென்கா


ட்ரியெஸ்தே
ஜூலை 14

அன்பு யாசென்கா,

படித்துச் சிரித்தேன், பிறகு பயந்தேன். அந்தப் படகு இரண்டு பேருக்கானது. பின்னால் நான் இல்லாமல் நீ எப்படி?

ஆகஸ்ட் இரண்டாம் தேதி மதியப் பேருந்தில் நிக்ஷிச் வருகிறேன். நிலையத்துக்கு வா; அதையே உன் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன். நேராக ஏரிக்குப் போய்விடலாம். அக்கரைக்கு நாற்பது நிமிடம், நம் பழைய வேகம். அதுவரை படகைத் தொடாதே.

இங்கே ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்க்கிற சத்தம் வீடு முழுக்கக் கேட்கிறது.

உன் வெலிமிர்


ஏரிக்கரை
ஜூலை 23

அன்புள்ள வெலிமிர்,

படகைத் தொட்டுவிட்டேன். முன் இருக்கை நுனியிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது அல்லவா? அதிலேயே எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். பின்பக்கம் முன்பக்கமாயிற்று. படகு மட்டமாக நின்றது. பதினெட்டு வருடம் நான் உட்கார்ந்த அதே பலகை.

"குதிரை வாலைப் பாத்து உக்காந்த மாதிரி இருக்குடி!" என்றாள் ஸ்டானா அக்கா.

"குதிரை போகுதுல்ல, அக்கா!"

நடு ஏரியில் துடுப்பை எடுத்து மடியில் வைத்தேன். மூடுபனி விலகியது. மேலே ஒரு சிகரம், கீழே ஒரு சிகரம், இரண்டின் மடிப்பிலும் கரையாத பனி. இடையில் நான். துடுப்பிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. கீழே இருந்த மலை முழுவதும் நடுங்கி, மெல்லத் தன் இடத்துக்கு வந்தது. மூச்சு விடவே கூச்சமாக இருந்தது. இத்தனை பெரிதா இது?

அப்போதுதான் உறைத்தது. நாம் ஒருமுறைகூட இங்கே நின்றதில்லை. "இடது... வலது... வேடிக்கை பாக்காத" என்று உன் குரல் என் முதுகில் இருக்கும்; அதற்குள் அக்கரை வந்துவிடும். உன்மேல் கோபமில்லை. நீ நல்ல படகோட்டி. உன் தட்டின் சத்தம் எனக்கும் கேட்கிறது.

கரையேறியதும் ஸ்டானா அக்கா கேட்டாள்: "ரெண்டாந்தேதி புருஷனைக் கூட்டிவரப் போறியா, இல்லியா?"

"காப்பி பொங்குது பாருங்க" என்று பேச்சை மாற்றிவிட்டேன். யாரிடமும் இன்னும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில்.

நான் நிலையத்துக்கு வரமாட்டேன், வெலிமிர். அந்த நேரத்தில் நடு ஏரியில் இருப்பேன்.

யாசென்கா