தையலுக்கு விடாத ஓரம்

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது.

உன் ஆடை வடிவமைப்புப் படிப்பு முடிய எங்கள் ஆலையில் மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என்று கேட்டிருந்தாயே, கிடைத்துவிட்டது. மாமா வாயைத் திறந்தால் அங்கே மறுபேச்சு ஏது?

உன் திறமையைக் காட்டத்தான், நீ தாளில் வரைந்து அனுப்பிய சட்டை பேட்டர்னை வைத்து நாற்பது சட்டைக்குத் துணி அடுக்கி ஒரே வீச்சில் வெட்டினேன். யாரையும் கேட்கவில்லை. கட்டிங் மாஸ்டர் யாரைக் கேட்பான்? எங்கள் ஆலைக்கு வரும் பேட்டர்னில் தையலுக்கு விடும் ஓரமும் சேர்ந்தே இருக்கும். உன்னுடையதில் அது இல்லை. தைத்து முடித்தபோது சட்டைகள் கொஞ்சம் இளைத்திருந்தன. மேலாளர் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். இரண்டு பொத்தான்கள் தெறித்து ஜன்னல்வரை பறந்தன.

பேட்டர்ன் பிரிவு மேடம் உன் தாளை வாங்கிப் பார்த்தார்.

"யாருய்யா வரைஞ்சது?"

"என் அக்கா பொண்ணு, மேடம்."

"ஓரம் சேர்க்கலன்னு தெளிவா எழுதியிருக்காளே! இந்தப் பொண்ணு எனக்கு வேணும். நீ எழுத்துக் கூட்டியாவது படிச்சிருக்கக் கூடாதா?"

பார்த்தாயா, நம் குடும்பத்துக்கு எவ்வளவு மரியாதை!

எனக்கு இப்போது ஓய்வு. வீட்டிலேயே இருக்கச் சொல்லி மேலாளர் ரொம்பவும் வற்புறுத்தினார், தட்ட முடியவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்து, மேடத்தைப் பார்க்க வேண்டும் என்று வாசலில் சொல். என் மருமகள் என்று மட்டும் சொல்லிவிடாதே. அப்புறம் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு உன்னைப் பார்க்க வந்துவிடுவார்கள்.

உன் தாய்மாமன்,
கட்டிங் மாஸ்டர்