தொட்டியில் வாய் பிளந்த மீன்கள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம், உனக்கும் சளி விட்டிருக்கும் என்று நம்புகிறேன். எனக்குத்தான் சில நாளாகச் சோறு இறங்கவில்லை, வயிற்றில் கோளாறு ஒன்றுமில்லை, குமட்டல் மனசில்.

நம் ஆற்றில் அணை கட்டுவது பற்றிப் போன வாரம் நகர மன்றத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. மலையிலிருந்து கடல்வரை தடுப்பே இல்லாமல் ஓடும் ஆறு, மீன்கள் எதிர்நீச்சல் போட்டு மேலே போய்க் கூழாங்கல் படுகையில்தான் முட்டையிடுகின்றன என்று எங்கள் ஆய்வு நிலையத்துக்காக நானும் மீன் மாமாவும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கண்டுபிடித்தது உனக்குத் தெரியும். அவர் எனக்குக் கூடப்பிறக்காத அண்ணன், சின்ன வயதில் உன்னைத் தோளில் சுமந்தவர். அந்த மனுஷன் அணைக்காரர்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். மேடையில் கண்ணாடித் தொட்டி, அதற்குள் நம் ஆற்று மீன்கள் நாலு. பாருங்க, நின்ன தண்ணியிலயும் சந்தோஷமாத்தான் இருக்கு என்கிறார், நாக்குக் கூசாமல். மீன்களோ மேலே வந்து வந்து வாயைப் பிளந்தன. நான் எழுந்து, அண்ணே, அதுங்க ஏன் வாயைத் திறக்குதுன்னு நீங்களே சொல்லுங்க என்றேன். என் முகத்தைப் பார்க்காமலே, பசிக்குதும்மா என்றார். மன்றமே சிரித்தது. மூச்சுக்குத்தான் மீன் அப்படித் தவிக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். சீ என்று ஆகிவிட்டது.

இனிப் பேசி என்ன என்று, மன்றத்தைப் பெருக்குகிற அம்மாவிடம் வாளி வாங்கி நாலையும் அள்ளிக்கொண்டு எதிரே ஆற்றுக்கு நடந்தேன். பாதிக் கூட்டம் பின்னாலேயே வந்துவிட்டது. தண்ணீரில் விட்டதும் மூன்று சிலுப்பிக்கொண்டு ஓடின, ஒன்று மல்லாந்தே கிடந்தது. அதைக் கொண்டுவந்து அவர் மேசை மேல் வைத்தேன். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாரடி, மீன் மாமா!

எங்கள் ஆய்வை முழுசாகக் கேட்டுத்தான் முடிவு என்று அதிகாரி கூட்டத்தைத் தள்ளிவைத்திருக்கிறார். ஆனால் ஆய்வு நிலையத்தில் உத்தரவு போட்டுவிட்டார்கள், நான் இனி ஆற்றுப் பக்கமே போகக்கூடாதாம், கூட்டத்தில் வாய் திறக்கவும் கூடாதாம். விடு, பழகின மனுஷன் என்றார் உன் அப்பா. பழகினதால்தானே குமட்டுகிறது? நேற்று மாமா வீட்டுக்கு வந்தார், நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. உன்னைக் கூப்பிட்டு என்னைச் சமாதானப்படுத்தச் சொல்வார். மரியாதை குறையாமல் பேசு, ஆனால் என் சார்பில் எதற்கும் தலையாட்டிவிடாதே.

அடுத்த கூட்டத்தில் நான் பேசத்தான் போகிறேன், வேலை போனால் போகட்டும். விடு விடு என்ற உன் அப்பா காலையில் தன் நல்ல சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். முன்வரிசைல உக்காரணும்ல, கசங்கினதையா போடுறது என்கிறார்.

ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீ நிறைவாக வாழ வேண்டும்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா