மாமா கடையில் இரண்டு பிராசஸர்கள்

கார்த்திகை 12, வெள்ளி

என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கம்ப்யூட்டர் வாங்க நானும் என் வீட்டுக்காரரும் இவருடைய சித்தப்பா கடைக்குப் போனோம். எனக்கு மாமா முறை. சொந்தக்காரர் கடை இருக்கும்போது வேறு கடையில் ஏற முடியாது. ஆபீஸ் பம்ப் டிராயிங் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோய், மாமா காட்டிய இரண்டு பிராசஸரிலும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றில் நான்கு நிமிடம், மற்றதில் பதினொன்று.

மாமா அந்தப் பதினொன்றைத்தான் எடுத்து வைத்தார். “வேகமா ஓடுறது போன வருசத்து மாடலுங் கண்ணு. நம்மூட்டுப் புள்ளைக்குப் பழசக் குடுத்துப்போட்டா நாலு பேரு என்ன பேசுவாங்க?”

“ஏழு நிமிசம் வித்தியாசமுங்க மாமா...”

“ஏழு நிமிசத்துல மேட்டுப்பாளையம் வண்டியா போயிரப் போகுது?”

இவர் சிரித்தார். நானும் சிரித்து, “சரிங்க மாமா” என்றேன். நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்த வாய். தூ.

திங்கட்கிழமைக்குள் டிராயிங் எல்லாம் முடித்துக் காட்டினால்தான் வீட்டிலிருந்தே வேலை. இல்லையென்றால் தினமும் ஆபீஸுக்குப் போகவேண்டும். இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு முடிக்க முடியாது. பாப்பா இன்னும் தாய்ப்பால் மறக்கவில்லை. எட்டு மாதம்தான் ஆகிறது.

மாமா மனசு நோகக்கூடாதென்று பார்த்தேன். அவளை நினைக்கவே இல்லை.