செவலைக்கு வாங்கிய முகமூடி

என் கோபக்காரிக்கு,

குதிரை விஷயமாக மட்டும்தான் எழுதுகிறேன். நீ உன் அக்கா வீட்டுக்குப் போனதிலிருந்து செவலைக்குக் கண்ணில் ஓயாமல் நீர் வழிகிறது. அழுகிறது என்று பக்கத்து வீட்டம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். என்னைப் பற்றியும் ஏதோ சொன்னாளாம், அதை விடு. "வெயில் பட்டா பார்வையே போயிடும், முகமூடி போடுங்க" என்றார் கால்நடை டாக்டர்.

கடையில் மெல்லிய வலையில் ஒன்று, அடர்ந்த கறுப்பில் ஒன்று இருந்தது. இரண்டையும் என் முகத்திலேயே மாட்டிப் பார்த்தேன். "அண்ணே, இது கண்ணைத்தான் காப்பாத்தும். மூஞ்சிக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் கடைக்காரர். மெல்லிய வலைக்குள்ளிருந்து பார்த்தால், கடைக்கு வந்த பெண்கள் எல்லாரும் உன் சாயலில் தெரிந்தார்கள். அதையே வாங்கிவிட்டேன்.

செவலை அதை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க வாசலில் வெயிலில் நின்றது. போகிற வருகிற பெண்களையெல்லாம் பார்த்துக் கனைத்தது. கண் இன்னும் சிவந்துபோய், டாக்டரிடம் நான் திட்டு வாங்கினேன்.

இன்று கறுப்பை வாங்கி செவலைக்கு மாட்டினேன். தெரு சரியாகத் தெரியாததால் லாயத்துக்குத் திரும்பி, நிழலில் நின்று புல் தின்கிறது. கண் பிழைத்துவிடுமாம்.

என் அளவுக்கும் கறுப்பில் ஒன்று கேட்டேன். கடைக்காரர் இல்லை என்றுவிட்டார். அதனால் இனி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க நான் ஒருவன்தான்.

இப்படிக்கு,
உன் வாயாடி